காட்டில் உறங்கக் கித்தான் சுருட்டுப்படுக்கை: மெழுகா, எண்ணெயா, படிகாரமா?

மரநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மரங்கள் அடர்ந்த காட்டில் கூடாரம் இல்லாமல், தலைக்கு மேலே ஒரு விரிப்பை மட்டும் கட்டிக்கொண்டு, கம்பளிப் போர்வைகளைக் கித்தான் எனும் தடித்த துணிக்குள் வைத்துச் சுருட்டிய பழைய பாணிப் படுக்கையில் உறங்க விரும்புகிறேன். தற்போது என்னிடம் இருப்பவை இரண்டு தடித்த கம்பளிகளும் ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயும் மட்டுமே. கம்பளிகளை நடுவில் வைத்துத் தார்ப்பாயைக் கீழும் மேலுமாக மடித்து, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால், மழையே பெய்யாத இரவிலும் விடியும்போது மேல் கம்பளி நமுத்துப்போய்விடுகிறது; தார்ப்பாயின் உட்புறத்தைத் தடவினால் கை நனைகிறது. எங்கேனும் ஓட்டை இருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு துளைகூடத் தென்படவில்லை.

ஆகவே தார்ப்பாயை ஒதுக்கிவிட்டுப் பருத்திக் கித்தானில் ஓர் உறை தைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதற்கு நீர்க்காப்புச் செய்யப் பாரஃபின் மெழுகு, ஆளிவிதை எண்ணெய், படிகாரமும் சோப்பும் என்று மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் எது தக்கது? எல்லாப் பக்கமும் ஒரே பூச்சுத்தான் இட வேண்டுமா? துணியின் கனம், அளவு பற்றியும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். எல்லாவற்றையும் முதுகில் சுமந்துதான் செல்வேன்.

பழங்கம்பளி எழுதியது:

நண்பரே, உங்கள் தார்ப்பாயில் ஓட்டை இல்லாததுதான் சிக்கலே. அந்த ஈரம் உங்கள் உடம்பிலிருந்தே வந்தது. வேர்க்காமல் அசையாமல் படுத்திருக்கும் ஒருவருடைய தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீர் ஆவியாகக் கிளம்புகிறது. அந்த ஆவி கம்பளியின் ஊடே ஏறிச் சென்று, குளிர்ந்து கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தொட்ட இடத்தில் நீராகப் படிந்து, திரும்பக் கம்பளிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. குளிருக்குப் பயந்து தலையையும் உள்ளே இழுத்து மூடிக்கொள்பவர் என்றால், மூச்சுக்காற்றின் ஈரம் முழுவதும் அதனோடு சேரும். நீங்கள் கித்தானுக்கு மாறி, அதன் எல்லாப் பக்கமும் மெழுகை அப்பிவிட்டாலும் இதே கதைதான் தொடரும்.

எனவே எந்தப் பூச்சு என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பக்கத்துக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் தரையின் ஈரத்தைத் தடுக்க வேண்டும். உடம்பின் எடை அழுத்துவதால் அங்கே துணி வழியாக நீர் கசிந்து ஏறும், ஆகவே அது முழுமையாக அடைபட்டிருப்பதே நல்லது. மேல்பாகம் பனியையும் விரிப்பின் ஓரத்தில் தெறிக்கும் சாரலையும் உதறினால் போதும்; கொட்டும் மழையைத் தாங்குவது மேலே கட்டிய விரிப்பின் பொறுப்பு. அந்த விரிப்பு இருக்கும்வரை படுக்கையின் மேல்பாகம் ஆவியை வெளியே விடும் துணியாகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

கம்பளி இந்த விஷயத்தில் பொறுமைசாலி. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை, தொட்டால் ஈரம் தெரியாதபடி இழைக்குள் வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். உங்கள் கம்பளி கைக்கு ஈரமாகப் படுகிறது என்றால், அது அந்த எல்லையையும் தாண்டி நீரைச் சுமந்திருக்கிறது என்று பொருள்.

அளவைப் பொறுத்தவரை ஒரு சொல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களின் படுக்கையைத்தான் பலரும் முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். அதில் 6, 7 அடி அகலமும் 14 முதல் 18 அடி நீளமும் கொண்ட தடித்த கித்தானின் ஒரு பாதி கீழேயும் மறு பாதி மேலேயும் வரும். இடையில் மெத்தைபோலத் தைத்த போர்வைகள் இருக்கும். அந்தக் கித்தான் மட்டுமே ஐந்தாறு கிலோ தேறும். அதை அவர்கள் முதுகில் சுமக்கவில்லை. மந்தையோடு வரும் வண்டியில் போட்டு அனுப்பினார்கள். படத்தைப் பார்த்து அதே அளவில் தைக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் அந்த வண்டியை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலியாட்கள் தோளில் மாட்டிச் சென்ற சுருளோ, ஓரிரு போர்வைகளும் அவற்றைச் சுற்றிய துணியும் மட்டுமே கொண்டது. நடந்து செல்பவருக்கு அதுவே பொருத்தமான முன்மாதிரி.

சதுர மீட்டருக்கு 270 முதல் 340 கிராம் வரையுள்ள, நெருக்கமாக நெய்த கித்தானில் 5 அடி அகலம், 14 அடி நீளம் எடுத்தால் பூச்சுக்கு முன் இரண்டு கிலோ அளவில் நிற்கும். போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்காமல், முதல் கம்பளியின் ஒரு பாதி நடுவிலும் மறுபாதி இடப்புறமும் விழுமாறு விரித்து, இரண்டாவதன் ஒரு பாதி அதன்மேலும் மறுபாதி வலப்புறமும் விழுமாறு போட்டு, பிறகு இரண்டு பக்கத் தொங்கல்களையும் மாற்றி மாற்றி நடுவில் மடியுங்கள். கால்மாட்டை அடியில் திருப்பிவிட்டால் கீழே இரண்டு அடுக்கு, மேலே இரண்டு அடுக்கு என்று ஓர் உறையாகிவிடும், புரண்டாலும் விலகாது. ஆனால் அடியில் இருக்கும் கம்பளி உடல் எடையில் நசுங்கி, உள்ளே பிடித்து வைத்த காற்றை இழந்துவிடும். தரையின் குளிரை அது தடுக்கும் என்று நம்பாதீர்கள். கித்தானுக்கு அடியில் உலர்ந்த சருகை முழங்கால் உயரத்துக்குக் குவித்துப் பரப்பினால், படுத்ததும் அது கையளவாக அமுங்கும். அந்த அளவாவது தேவை. சருகு கிடைக்காத, அல்லது அள்ளக்கூடாத காடு என்றால் நீர் புகாத மூடிய சிறு காற்றறைகள் கொண்ட நுரைப் பாய் ஒன்றை உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழமை கெட்டுவிடும் என்ற கவலை வேண்டாம், இடுப்பு அதைப் பொருட்படுத்தாது.

தையற்கட்டு எழுதியது:

பழங்கம்பளி ஐயா கூறிய பிரிவினையை ஏற்றுக்கொண்டு, பூச்சு முறைகளைப் பற்றி எழுதுகிறேன். கித்தான் தைப்பதே என் தொழில்.

முதலில் துணியை வெட்டுவதற்கு முன் வெந்நீரில் அலசுங்கள். தறியிலிருந்து வரும் கித்தானில் பாவுக்கு இட்ட கஞ்சி அப்படியே இருக்கும். அது பூச்சை இழைக்குள் புகவிடாது. பூஞ்சணத்துக்கு நல்ல தீனியாகவும் ஆகும். மேலும், அலசாத துணி முதல் நனைப்பில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்குவதுண்டு. தைத்த பிறகு சுருங்கினால் ஓரங்கள் கோணிக்கொள்ளும்.

மேல்பாகத்துக்குப் படிகார முறையே என் பரிந்துரை. ஏறத்தாழ 450 கிராம் சோப்பைச் சீவி ஏழெட்டு லிட்டர் சூடான நீரில் கரைத்து, துணியை அதில் நன்றாக ஊறவிட்டுப் பிழிந்து, ஈரம் முக்கால்வாசி போகும்வரை காயவைக்க வேண்டும். எண்ணெயிலிருந்து காய்ச்சிய உண்மையான சோப்பாக இருப்பது முக்கியம். சலவைத்தூள் இங்கே பயன்படாது. பிறகு 225 கிராம் படிகாரத்தை அதே அளவு வெந்நீரில் கரைத்து, துணியை அதில் அமிழ்த்துங்கள். சில நொடிகளிலேயே நீர் பால்போல் கலங்கி, திரிதிரியாக வெண்மையான துகள்கள் மிதக்கத் தொடங்கும். துணியைத் தேய்த்துப் பார்த்தால் விரலில் ஒரு வழுவழுப்புத் தட்டும். படிகாரத்திலுள்ள அலுமினியமும் சோப்பும் கூடி, நீரில் கரையாத ஒரு பொருளாக இழைகளுக்குள்ளேயே படிவதன் அடையாளம் இது. நன்றாகக் காய்ந்தபின் மேலே நிற்கும் வெள்ளைப் பொடியைத் தூரிகையால் தட்டிவிடலாம். இழைகளுக்கு இடையிலான துளைகள் அடைபடுவதில்லை, இழைகள் மட்டும் நீரை ஒட்டவிடாமல் மாறுகின்றன. அதனால் ஆவி வெளியேறும், எடையும் பெரிதாக அதிகரிக்காது. சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அறியத் துணியின் நடுவைத் தொட்டிலாகப் பிடித்துக்கொண்டு அதில் ஒரு செம்பு நீரை ஊற்றுங்கள். நீர் அப்படியே தேங்கி நிற்கும். ஆனால் அடியிலிருந்து விரலால் தொட்டுத் தேய்த்தால் அந்த இடத்தில் சொட்டத் தொடங்கிவிடும். மழை பெய்யும்போது கித்தான் விரிப்பை உள்ளிருந்து தொடக்கூடாது என்று சொல்வதன் காரணம் இதுவே.

பழைய குறிப்புகள் சிலவற்றில் படிகாரத்துடன் ஈய அசிட்டேட்டைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அது வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் ஈயம் நஞ்சு, முகத்தருகே வைத்து உறங்கும் துணியில் அதற்கு இடமே இல்லை.

அடிப்பாகத்துக்கு மெழுகு. பாரஃபின் மட்டும் பூசினால் குளிரில் மடிப்புகள் வெள்ளைக் கோடுகளாக வெடிக்கும். தேன்மெழுகு மட்டும் என்றால் வெயிலில் பிசுபிசுக்கும், செலவும் கூடும். நான்கு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு என்று உருக்கிக் கட்டியாக வார்த்துக்கொள்கிறேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசில்தான் உருகும் என்பதால், சட்டியை நேரே அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவதே போதுமானது. தீப்பற்றும் ஆபத்தும் அதனால் குறையும். கட்டியைத் துணிமேல் அழுத்தித் தேய்த்து, பழைய இஸ்திரிப்பெட்டியாலோ முடி உலர்த்தும் கருவியாலோ சூடு காட்டுங்கள். மேலே வெளிறிய படலமாக இருந்த மெழுகு சட்டென்று உள்வாங்கப்பட்டுத் துணி கருத்துப் போகும். அந்தக் கருமை மறுபக்கத்தில் தெரியும்வரை சூடு தொடர வேண்டும். இதைச் செய்யாமல் வெறுமனே தேய்த்துவிட்டு மெழுகு நிற்கவில்லை என்று குறைப்படுபவர்களே அதிகம். பூசியபின் துணியின் எடை நன்றாகவே கூடும். மேல்பாகத்துக்கு மெழுகு வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தையல் பற்றி ஒன்று: முதுகுக்கு அடியில் தையலே வரக்கூடாது. அகலம் போதாமல் இணைக்க நேர்ந்தால், இரு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து இரட்டைத் தையலிட்டு, அதைப் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். பருத்தி நூலை மெழுகில் இழுத்துத் தையுங்கள்; வழுவழுப்பான செயற்கை நூல் ஊசித் துளையை நிரப்பாது.

எண்ணெய்த்துணி எழுதியது:

தையற்கட்டு அம்மாவின் மெழுகுப் பரிந்துரைக்கு நான் உடன்படவில்லை. தரையில் விரிக்கும் துணிக்கு ஆளிவிதை எண்ணெய்க்கு நிகராக ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. மெழுகு துணிக்குள் உறைந்து கிடக்கும் பொருள், அவ்வளவே. சூடு பட்டால் நகரும், உரசினால் உதிரும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, இறுகி, இழையோடு ஒன்றிய ஒரு படலமாகவே மாறிவிடுகிறது. கப்பலோட்டிகள் அணிந்த எண்ணெய் அங்கிகள் இந்த முறையில் செய்யப்பட்டவையே. 1823இல் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு இடையே ரப்பர்க் கரைசலை வைத்து ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகும், அந்தத் தொடக்ககால ரப்பர்த் துணி வெயிலில் ஒட்டிக்கொண்டும் குளிரில் விறைத்தும் போனதால், எண்ணெய்த்துணிக்கு மவுசு குறையவில்லை. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் சார்லஸ் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பின்னரே ரப்பர் விரிப்புகள் பரவின. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புச் சிப்பாய்கள் தரையில் விரித்தது அத்தகைய ரப்பர் போர்வையைத்தான்.

செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். உலர்த்திப் பொருள் சேர்த்த, கடைகளில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதை வாங்குங்கள். பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும். துணியை இழுத்துக் கட்டி, மிக மெல்லிய பூச்சாகத் தூரிகையால் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிழலான காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். ஒட்டும் தன்மை அறவே போன பிறகே அடுத்த பூச்சு. மூன்று மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சைவிட எவ்வளவோ மேல்; தடித்துப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த கந்தல்களைக் கசக்கி ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலே கந்தல் தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள். முழுமையாக உலராத எண்ணெய்த்துணியைச் சுருட்டி மூட்டைகட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

மரநிழல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஈரம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெளிவாகிவிட்டது; தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு உண்டு. இன்னும் இரண்டு ஐயங்கள். நெருப்பு மூட்டி அதன் அருகே படுக்க நினைக்கிறேன். மெழுகோ எண்ணெயோ ஏறிய துணி பொறி பட்டால் என்னவாகும்? காலையில் கிளம்பும் அவசரத்தில் ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் கித்தான் எத்தனை நாள் தாங்கும்?

தையற்கட்டு எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மறுமொழி: இரண்டுமே எரியும். பருத்தியில் விழுந்த பொறி மெல்லக் கனன்று ஒரு வட்டத் துளையோடு அணைந்து போகலாம். மெழுகு ஏறிய பருத்தியில் அந்தக் கனலுக்கு எரிபொருள் தயாராக இருக்கிறது. மேல்பாகத்தில் படிகாரம் மட்டும் போதும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் சேர்த்தே காரணம். அடிப்பாகத்தின் ஓரங்களை உள்ளே மடித்துவிட்டால் பொறி அதன்மேல் விழாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அடித்துணியின் ஓரம் படுக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், விரிப்பிலிருந்து வழியும் நீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

எண்ணெய் நண்பர் சொன்ன எச்சரிக்கை முழுக்கச் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் இறுகுவது ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் படலம் மஞ்சளித்து மொடமொடப்பாகி, மடிப்புகளில் வெடிக்கிறது. அதில் உண்டாகும் அமிலங்கள் பருத்தி இழையையும் மெல்ல அரிக்கின்றன. பழைய எண்ணெய்த்துணியை மடிப்பில் பிடித்து இழுத்தால் காகிதமாகக் கிழிவதைப் பழுதுபார்க்க வரும் துணிகளில் அடிக்கடி காண்கிறேன். மெழுகு உதிரும் என்பது உண்மை. உதிர்ந்த இடத்தில் மறுபடி தேய்த்துச் சூடு காட்டினால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். வெடித்த எண்ணெய்ப் படலத்தை அப்படிச் சரிசெய்ய இயலாது. ஒவ்வோர் இரவும் விரித்து, காலையில் சுருட்டும் பொருளுக்கு எது உகந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்ணெய்த்துணி எழுதியது:

மடிப்பில் வெடிக்கும் என்பதை மறுக்கவில்லை. மடிக்காமல் சுருட்டினால் அது வெகுவாகக் குறையும். ஆயினும் முதுகில் சுமப்பவர் இறுக்கிக் கட்டத்தான் வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் தேவைக்கு அடிப்பாகத்தில் மெழுகு என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே இடத்தில் பல நாள் தங்குபவருக்கு என் பரிந்துரையை மாற்றமாட்டேன்.

பழங்கம்பளி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். வெப்பமான, காற்றோட்டமற்ற நிலையில் ஈரக் கித்தானைச் சுருட்டி வைத்தால் இரண்டு மூன்று நாள்களிலேயே கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அந்தப் புள்ளி சலவையில் போகாது. புள்ளியைவிட, பூஞ்சணம் இழையைத் தின்று துணியை வலுவிழக்கச் செய்வதே பெரிய இழப்பு. மெழுகோ படிகாரமோ இதை முழுமையாகத் தடுப்பதில்லை. கப்பற்பாய்களையும் மீன்வலைகளையும் பயன்படுத்தியவர்கள் இதற்கெனவே காசுக்கட்டியைக் கொதிக்கவைத்த நீரில் அவற்றைத் தோய்த்தெடுத்தார்கள். அதிலுள்ள துவர்ப்புச் சத்து பூஞ்சணத்தை அண்டவிடாது. துணி செம்பழுப்பு நிறமாகிவிடும், காட்டில் அது கண்ணை உறுத்தாது. அலசிக் கஞ்சி நீக்கிய துணிக்கு முதலில் காசுக்கட்டித் தோய்ப்பு, நன்றாகக் காய்ந்தபின் படிகாரமும் மெழுகும் என்ற வரிசையைக் கைக்கொள்ளுங்கள். மெழுகு ஏறிய துணி சாயத்தை வாங்காது.

காலையில் எழுந்ததும் படுக்கையை உடனே சுருட்டாதீர்கள். கம்பளிகளை உருவி ஒரு கிளையில் போட்டு, கித்தானை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பித் தொங்கவிட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். இரவில் வாங்கிய ஆவியில் பெரும்பகுதி அதற்குள் பறந்துவிடும். மழை விடவில்லை என்றால் கம்பளியையும் கித்தானையும் தனித்தனியாகச் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு ஏறாது. பயணம் முடிந்ததும் ஓர மடிப்புகளையும் இரட்டைத் தையலின் உட்பக்கத்தையும் விரலால் பிரித்துத் தொட்டுப் பாருங்கள், துணி காய்ந்த பிறகும் ஈரம் கடைசிவரை தங்குவது அங்கேதான். அவையும் காய்ந்தபின் தளர்வாகச் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் இடாமல், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். கொடியிலேயே தொங்கவிட இடமிருந்தால் இன்னும் நல்லது.